பேச மாட்டேன் என்ற சாட்சி

தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கிற இந்த நாற்காலிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பொய் சொல்கிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அது பெரிய வித்தை இல்லை. ஆறு மாதம் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். பொய் சொல்கிறவர் நிறையப் பேசுவார், பேசப் பேச எங்கேயாவது இடறுவார். எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது வாயையே திறக்காதவர்கள்தான். அப்படி இரண்டு பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை போனவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிற நாடுகள் இருக்கின்றனவாம். அங்கேயும், ஒழுங்கீனம் செய்து வேலை போனதா, இல்லை வேறு காரணமா என்று துருவிக் கேட்டுத்தான் கொடுப்பார்கள் என்று சொல்கிறார்கள். நம் மில் தொழிலாளிக்கு அப்போது அப்படி ஒரு உதவி கிடையாது. கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டால் மறுநாள் காலையில் அவன் கையில் இருப்பது சேமநிதியும், கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும்தான். சேமநிதி பெரும்பாலும் தங்கை கல்யாணத்திலோ வீட்டுக் கூரையிலோ ஏற்கனவே கரைந்திருக்கும். மிச்சம் இருப்பது பணிக்கொடை ஒன்றே. ஐந்து வருடம் ஒரே நிர்வாகத்தில் வேலை பார்த்தவருக்கு அது உரிமை. ஆனால் அடிதடி, திருட்டு என்ற காரணத்தால் வேலை நீக்கம் ஆகியிருந்தால் நிர்வாகம் அதை மறுக்கலாம். அதனால்தான் வேலை நீக்க உத்தரவில் ‘அடித்தார்’ என்ற ஒரு சொல் இருந்தால் நீங்கள் இரண்டு தடவை நிதானிக்க வேண்டும். அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தையே விழுங்கிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் பணிக்கொடை வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் விசாரணை. வேறொரு அலுவலகத்தில் இரவல் வாங்கிய அறை, ஒரு மேசை, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. பெண் அதிகாரி என்றதும் சில வக்கீல்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசுவார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மாடசாமி அங்கேதான் வந்தார். ஊர் மகாராஜபுரம். இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில், நூல் முறுக்குகிற இயந்திரத்தில் வேலை. மீசை முளைக்கும் முன்பே அந்த மில்லுக்குள் போனவர், தலை நரைக்கத் தொடங்கியபோது வெளியே அனுப்பப்பட்டார். நிர்வாகம் சொன்ன காரணம்: இயந்திரத்தை ஏன் நிறுத்தினாய் என்று கேட்ட மேஸ்திரியைப் பிடித்துத் தள்ளினார்; மேஸ்திரி இரும்புச் சட்டத்தில் விழுந்து நெற்றி கிழிந்தது. மேஸ்திரியின் பெயர் கோபால். கான்சாபுரத்துக்காரர்.

அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். மில்லில் சண்டை என்றால் அது மில்லோடு நிற்காது. இந்த ஊர் இளவட்டங்களும் அந்த ஊர் இளவட்டங்களும் முறைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவர்கள் பயந்துபோய், நெற்றித் தையல் பிரிக்கும் முன்பே இருவரையும் ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே சூடம் ஏற்றி, இருவரும் ஆளுக்கொரு தடவை அந்தச் சுடரைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ‘அன்று நடந்ததைப் பற்றி இனி எந்த இடத்திலும், யார் கேட்டாலும், வாய் திறப்பதில்லை.’ யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காமல் முடிப்பதுதான் அந்த வழக்கத்தின் சூட்சுமம். கேட்டால் சண்டை மறுபடி முளைக்கும்.

ஊரில் முடிந்தது மில்லிலும் முடிந்துவிட்டது என்று மாடசாமி நினைத்துவிட்டார். மில்லுக்குச் சூடமும் தெரியாது, சத்தியமும் தெரியாது. குற்றச்சாட்டு வந்தது, அவர் பதில் சொல்லவில்லை. உள்விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார். கோபாலும் அங்கே வாய் திறக்கவில்லை. ஆனால் சத்தம் கேட்டு ஓடி வந்த இருவர், கோபால் இரத்தத்தோடு கீழே கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கவில்லை, ஆகவே ஒப்புக்கொண்டார் என்று எழுதி வேலையை விட்டு நீக்கினார்கள். அடிதடி என்பதால் பணிக்கொடையும் கிடையாது என்றார்கள்.

என்முன் விண்ணப்பம் கொடுத்தது மாடசாமி என்றாலும் அவருக்காகப் பேசியதெல்லாம் அவர் மனைவி முத்துமாரி. முதல் நாளே மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“அம்மா, இவிய வாயத் தொறக்க மாட்டாவ. நான் ஒண்ணும் சூடம் அணைக்கல. நான் பேசுதேன், எழுதிக்கோங்க.”

“நீங்க அன்னைக்கு மில்லுக்குள்ள இருந்தீங்களா?”

“நான் எங்க போனேன் மில்லுக்கு? கள எடுக்கப் போயிருந்தேன்.”

“அப்ப நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான். இவர்ட்ட கேட்டா செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாரு. ஆனா கை நீட்டுற ஆளு இல்லம்மா இவரு. என்னயக்கூட ஒருநாள் அடிச்சதில்ல.”

மில் வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணம் வந்தால் இரண்டு கறவை மாடு வாங்கிப் பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அந்த அம்மாளின் கணக்கு. அடிதடி செய்து வெளியேற்றப்பட்டவன் என்று பெயர் வாங்கிய ஆளை இராஜபாளையத்தில் வேறு எந்த மில்லும் கேட்டைத் தாண்ட விடாது. பணிக்கொடை கிடைக்காவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்குத்தான் போக வேண்டும். மூத்த பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திவிடப் போவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

சட்டப்படி நிரூபிக்க வேண்டியது நிர்வாகம். ஆகவே அடுத்த முகாமுக்கு வக்கீல் கோபாலையே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். கூடவே மில் மேலாளரும் வந்திருந்தார். கோபால் உயரமான ஆள், வெளுத்த சட்டை, புருவத்துக்கு மேல் தழும்பு. சாட்சிக்குரிய உறுதிமொழி சொல்லச் சொன்னபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அம்மா, ஏற்கெனவே ஒரு சத்தியம் பண்ணியாச்சு. ஒரு வாய்க்கு எம்புட்டுச் சத்தியம்மா போட முடியும்?”

“இது சட்டப்படி விசாரணைங்க. நீங்க சொல்லித்தான் ஆகணும்.”

“ஊரு பேரு கேளுங்க, சொல்லுதேன். வேல என்னன்னு கேளுங்க, சொல்லுதேன். அன்னைக்கு நடந்தத மட்டும் கேக்காதீக.”

வக்கீலுக்குக் கோபம் தலைக்கேறியது. “மேடம், இவரே அடிபட்டவர். மாட்டேன்னு சொன்னா என்ன அர்த்தம்? கட்டாயப்படுத்துங்க” என்றார். கட்டாயப்படுத்தும் அதிகாரம் எனக்கு இருந்தது, பயன்படுத்தியும் இருக்கிறேன். ஆனால் பயத்தில் வாய் மூடுகிறவரை மிரட்டினால் பேசிவிடுவார். இந்த மனிதருக்குப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கியிருந்தது. யோசித்துவிட்டு மதியம் வந்து சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

நான் வெளியே போகவில்லை. சன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது. மேலாளர் கோபாலைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி விரலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. கோபால் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் நகர்ந்ததும் முத்துமாரி ஓடினார்.

“அண்ணே, உங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு. இவரு தள்ளல, தானா விழுந்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ஒரே வார்த்த.”

மாடசாமி அதுவரை படியில் உட்கார்ந்திருந்தார். அவர் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

“ஏட்டி, இங்க வா. அவரக் கேக்காத. அவரக் கேக்குறது என்னயக் கேக்குறது மாதிரிதான்.”

“அப்பப் பட்டினி கெடப்போமா?”

“கெடப்போம்.”

கோபால் இருவரையும் பார்க்காமல் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தார். போகிற போக்கில் சொன்னார்: “எனக்கு ஒம் புருசனப் பாத்தாலே எரிச்சலாத்தான் வருது முத்துமாரி. அது வேற. சத்தியம் வேற.”

மதியம் மறுபடி உட்கார்ந்தோம். பேசப் போவதில்லை என்று கோபால் உறுதியாகச் சொல்லிவிட்டார். இப்போது கவனமாகக் கேளுங்கள். அவரை எப்படியாவது சமாதானமாக அனுப்பலாம் என்று எனக்குள் ஒரு நல்லெண்ணம் எழுந்தது. ‘சரி, நடந்ததை விடுங்கள், மாடசாமியை மன்னித்துவிட்டீர்களா?’ என்று கேட்கலாம் என நினைத்தேன். எவ்வளவு அன்பான கேள்வி! வாய்வரை வந்துவிட்டது. தலையை நிமிர்த்தியபோது வக்கீலைப் பார்த்தேன். மூடி வைத்திருந்த பேனாவைத் திறந்து காத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. கோபால் ‘மன்னித்துவிட்டேன்’ என்றால் மன்னிக்க ஒரு குற்றம் நடந்தது என்று ஆகிவிடும். ‘இல்லை’ என்றாலும் அப்படியே. எந்தப் பதில் வந்தாலும் மாடசாமியின் மாடு இரண்டும் போயிருக்கும், அந்த மனிதரின் சத்தியத்தை நானே பின்வாசல் வழியாக உடைத்திருப்பேன்.

கேள்வியை விழுங்கிவிட்டேன். நம் வேலையில் மிரட்டிக் கேட்கிற கேள்வியால் விளைகிற கெடுதல் கொஞ்சம்தான். இரக்கப்பட்டுக் கேட்கிற கேள்வியால் விளைவது அதிகம். மிரட்டினால் எதிரில் இருப்பவர் உஷாராகிவிடுவார், இரக்கத்துக்கு முன்னால் யாரும் உஷாராக இருப்பதில்லை.

“வேறு கேள்வி இல்லை” என்று எழுதினேன். வக்கீல் நீளமாக வாதாடினார். பேசாமல் இருந்ததே ஒப்புதல் என்றார். ஆனால் கீழே கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, தள்ளியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தள்ளப்பட்டதாகச் சொல்லப்படுகிறவரே அதைச் சொல்ல மறுக்கிறார். மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளியின் பணிக்கொடையைப் பறிக்க முடியாது. இதுதான் என் உத்தரவின் சாரம். மாடசாமிக்குப் பணிக்கொடை கொடுக்கச் சொன்னேன். இன்று எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

முத்துமாரி தீர்ப்பைக் கேட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மாடசாமி கும்பிட்டார். நான் அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தேன். இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். நல்ல தீர்ப்பு எழுதினேன் என்று பெருமை அடித்துக்கொள்கிற ஓய்வுபெற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்து அதே முகாமில், பட்டியலில் இல்லாத மூன்று பேர் வாசலில் நின்றார்கள். மாடசாமி, முத்துமாரி, அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி கோபால். சட்டை வெளுத்துத்தான் இருந்தது, ஆள் மெலிந்திருந்தார். மற்ற வழக்குகள் முடியும்வரை காத்திருந்தார்கள். உள்ளே வந்ததும் முத்துமாரிதான் ஆரம்பித்தார்.

“அம்மா, அண்ணனையும் வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ. கம்பெனி சொன்னதக் கேக்கல, சாட்சி சொல்ல மாட்டேன்னுட்டாருன்னு. இவருக்கும் ஒரு வழி பண்ணுங்க. நான்தான் இழுத்துட்டு வந்தேன், வர மாட்டேன்னு நின்னாரு.”

அடிதடி இல்லை, திருட்டு இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பதற்காகப் பணிக்கொடையை மறுக்கவே முடியாது. அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகவே காகிதத்தை எடுத்தேன்.

“இந்த மில்லுல எத்தன வருசமா இருக்கீங்க?”

“நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குதும்மா. அதுக்கு முன்ன சத்திரப்பட்டியில பேண்டேஜ் கம்பெனியில இருந்தேன். மேஸ்திரி வேலைக்குன்னு இந்த மில்லுக்காரவிய கூப்பிட்டாவ, வந்தேன்.”

எடுத்த காகிதத்தை அப்படியே வைத்தேன். ஐந்து வருடம் நிறையவில்லை. தொழில் தகராறாக எழுப்பி வேலையைத் திரும்பக் கேட்கலாம் என்றால், மேஸ்திரி மேற்பார்வைக் கணக்கில் வருகிறவர். அவர் வாங்கிய சம்பளத்துக்குத் தொழில் தகராறுச் சட்டம் அவரைத் தொழிலாளி என்றே ஏற்காது. இன்னும் எங்கேயாவது ஒரு சந்து இருக்கிறதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் மூவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பார்க்கிறவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காதீர்கள். நான் நேராகச் சொன்னேன்.

“உங்களுக்கு எதுவும் கிடைக்காதுங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

கோபால் தலையை ஆட்டினார், தெரிந்த விஷயம்தான் என்பதைப் போல. “நான் சொன்னேன்ல, வாங்க போவோம்” என்றார்.

“அப்ப அந்தச் சட்டத்துல இவருக்கு எடமே இல்லையா?” என்று முத்துமாரி கேட்டார். இல்லை என்றேன். வழக்கில் இரண்டு பேர்தான் கட்சிக்காரர்கள். நாம் எழுதுகிற உத்தரவு இரண்டு பேருக்குத்தான். அதன் கனத்தை மூன்றாவது ஆள் ஒருவர் எங்கோ சுமந்துகொண்டிருப்பார். அவர் பெயரை உத்தரவில் சாட்சி என்ற அளவில் ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்திருப்போம்.

அப்போது மாடசாமி மேசைக்கு முன்னால் வந்தார். மில் மேல்முறையீட்டுக்குப் போயிருந்தது. அவருடைய பணிக்கொடை இன்னும் கைக்கு வரவில்லை, மேல்முறையீடு முடியும்வரை வைப்பில் கிடந்தது. மேல்முறையீட்டில் வந்து உண்மையைச் சொல்லிவிட்டால் மறுநாளே வேலைக்கு வரலாம் என்று மேலாளர் கோபாலிடம் ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார். கோபால் மறுத்துவிட்டார். இதை மாடசாமி தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

“அவரு சத்தியத்த அவரு மீற வேண்டாம்மா. நான் மீறிக்கிடுதேன். சாமி என்னயக் கேக்கட்டும். நானே சொல்லிட்டா அவருக்கு வேல குடுத்திருவாங்கள்ல? எழுதிக்கோங்கம்மா. அன்னைக்கு மிசின்கிட்ட நான்தான்…”

கோபால் பின்னாலிருந்து எட்டி அவர் வாயைக் கையால் பொத்திவிட்டார். மாடசாமி அந்தக் கையை விலக்கப் பார்த்தார். இரண்டு பேரும் நரைத்த ஆட்கள், அரசாங்க அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் நின்று மல்லுக்கட்டினார்கள். முத்துமாரி குறுக்கே போகவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றார்.

“ஏலே, பேசாம இரு. இந்த வாயப் பேசாம வச்சிருக்கத்தான் நான் வேலைய விட்டுட்டு நிக்கேன். இப்ப நீ பேசிட்டா நான் எதுக்குலே விட்டேன்?”

மாடசாமியின் கை தானாக இறங்கியது. கோபாலும் கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மாடசாமி சொல்ல வந்தது ‘நான்தான் தள்ளினேன்’ என்ற உண்மையா, இல்லை கோபாலுக்காக இட்டுக்கட்டிய பொய்யா, எனக்குத் தெரியாது. பிற்பாடு மேல்முறையீடு தள்ளுபடியாகி அவருக்குப் பணம் கிடைத்தது. அதன் பிறகும் அவர் யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அந்த நிமிடம் நான் அதிகாரி. “என்ன சொல்ல வந்தீர்கள், முடியுங்கள்” என்று கேட்டிருந்தால் அவர் முடித்திருப்பார், நானும் கேட்டதை மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதி அனுப்பியே ஆக வேண்டியிருந்திருக்கும். உண்மை எனக்கும் அவருக்கும் நடுவில் மேசை அகலத் தூரத்தில்தான் இருந்தது.

நான் பேனாவை மூடினேன். “இன்னைக்கு உங்க வழக்கு எதுவும் இங்க இல்ல. நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல. போயிட்டு வாங்க” என்றேன்.

முத்துமாரி மட்டும் கும்பிட்டார். கோபால் முதலில் இறங்கினார். வத்திராயிருப்பு பஸ் வந்தபோது மூவரும் அதில்தான் ஏறினார்கள். அவர்கள் இரண்டு ஊருக்கும் வேறு பஸ் இல்லை. மாடசாமி தனக்குப் பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிட்டதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கோபால் உட்காரவில்லை. பஸ் கிளம்பித் திரும்புகிறவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாடசாமியின் முகத்தைப் பார்க்காமல், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனார்.